ஒன்பது கிலோமீற்றரும் ஒற்றைச் சப்பாத்தும்

வெள்ளி, காலை 8.15. ஹொல்ஸ்டெப்ரோ.

சமையலறைத் தராசில் எல்லாப் பொருட்களையும் ஒவ்வொன்றாக நிறுத்து முடித்தபோது என் முதுகுப்பை பதினொரு கிலோ, மனைவி கௌரியின் பை ஒன்பது கிலோ. அதற்குமேல் ஒரு கிராமும் கூடக்கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். கௌரியின் பையிலிருந்து இரண்டாவது துவாயையும், ஒரு போத்தல் ஊறுகாயையும், ஒரு சோடி இரப்பர் செருப்பையும் நானே எடுத்து வெளியே வைத்தேன். செருப்பு மட்டும் முந்நூறு கிராம் காட்டியது.

"இஞ்சாருங்கோ, உங்கட பிரஷர் பாக்கிற மெஷின் எத்தினை கிராம்?" என்று கேட்டாள்.

"அது மருந்துச் சாமான். அதைக் கணக்கில சேர்க்கிறேல்லை."

அறுநூற்றைம்பது கிராம். இருவருக்கும் தெரியும். அவள் செருப்பைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

நாங்கள் புறப்பட்டது ஜூட்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் தியூ தேசியப் பூங்காவுக்கு. வழிகாட்டி கிடையாது, கூடாரம் கிடையாது, கடை கிடையாது. காட்டுக்குள் பலகையால் அடித்த மூன்று சுவர்க் கொட்டகை ஒன்றில் இரண்டு இரவு. ஒருவருக்கு ஓர் இரவுக்கு முப்பத்தைந்து குரோனர். இந்த நாட்டில் இது பெரிய பொழுதுபோக்கு. "குண்டுக்குப் பயந்து தறப்பாளுக்குக் கீழ படுத்த ஆக்கள் நாங்கள். காசு குடுத்து வெளியில படுக்கப் போறியளோ?" என்று கோயிலில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்குப் போகவேண்டிய காரணம் இருந்தது.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். எல்லாம் நன்றாக முடிந்தது. மருத்துவர் மூன்று மாதத்திலேயே "உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை" என்று கைகொடுத்து அனுப்பிவிட்டார். நான்தான் என்னை அனுப்பவில்லை. அதன் பிறகு மருத்துவமனையிலிருந்து இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் தள்ளி ஓர் இரவும் படுத்ததில்லை. வீட்டில் தனியாகவும் படுத்ததில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கௌரி எனக்காக இரவு வேலையை விட்டுப் பகலுக்கு மாறினாள். மே மாதம் ஓர் இரவு மகன் நிருஷனோடு தங்கிவர ஹோர்சன்ஸுக்குப் போனாள். மாலை ஏழு மணிக்கு நான் தொலைபேசி எடுத்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றேன். நூறு கிலோமீற்றர் திரும்ப ஓடி வந்தாள். வந்து பார்த்தால் நான் சோபாவில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் கைப்பையை வைத்துவிட்டு எனக்குத் தேநீர் போட்டுத் தந்தாள். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் அவளுடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம். கௌரி மூன்று கிழமை போகவேண்டும். எனக்கு லீவு இல்லை. "நீங்கள் தனிய இருப்பன் எண்டு ஒருக்கா என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ, நான் டிக்கெட் போடுறன்" என்று ஜூலையில் சொன்னாள். முகத்தைப் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. அவள் தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளைக்கு நகையை அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். அந்தப் பேச்சை அடுத்த அறையிலிருந்து கேட்ட அன்றுதான் நான் இந்தப் பயணத்தைத் தீர்மானித்தேன். முதலில் அவளோடு, மருத்துவமனைக்கு எட்டாத தூரத்தில் இரண்டு இரவு. அதைத் தாண்டினால் அடுத்தது வீட்டில் தனியாக. ஐம்பத்தேழு வயதில் பாலர் வகுப்பிலிருந்து தொடங்குவது வெட்கம்தான். ஆனாலும் ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டேன்.

காலை 10.05. ஸ்டென்பியேர்.

ஸ்ருவர் நகரைத் தாண்டி, ஒட்டெசுண்ட் பாலத்தில் கடலைக் கடந்து, ஹூரூப் வழியாக வடமேற்கே திரும்பினால் எழுபது கிலோமீற்றரில் மேற்குக் கடல் வந்துவிடும். வழியில் ஒரு பண்ணை வாசலில் ஆளில்லாத தட்டுக்கடை. உருளைக்கிழங்கும் விறகும் வைத்திருந்தார்கள். விறகு ஒரு வலைப்பை நாற்பது குரோனர். தகர டப்பாவுக்குள் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டோம். கையில் தூக்குவது பைக் கணக்கில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உருளைக்கிழங்கில் நான்கை மட்டும் கௌரி தன் சட்டைப் பைகளில் திணித்தாள். சட்டைப் பையை நான் நிறுக்கவில்லை என்றாள்.

ஸ்டென்பியேரில் மீனவர்களின் பழைய வெள்ளைக் குடிசைகள் மணல் மேட்டில் வரிசையாக நிற்கின்றன. துறைமுகம் இல்லை, வள்ளங்களை மணலில் இழுத்து ஏற்றிவிடுவார்கள். அங்கே காரை விட்டோம். கொட்டகை தெற்கே ஒன்பது கிலோமீற்றர். அதற்கு ஒன்றரைக் கிலோமீற்றர் பக்கத்திலேயே சரளைக்கல் வீதியும் வாகனத் தரிப்பிடமும் இருக்கின்றன. அங்கே விட்டிருக்கலாமே என்று கௌரி கேட்டாள். கார் பக்கத்தில் நின்றால் முதல் இரவே சாவியைக் கையில் எடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒன்பது கிலோமீற்றர். அதை அவளிடமும் சொன்னேன்.

"அப்ப நடவுங்கோ" என்றாள்.

பாதை பாதி மணல், பாதி புதர். லியூங் என்று டேனிஷில் சொல்லும் குட்டைப் புதர் ஆகஸ்டில் ஊதாவாகப் பூத்து, கண் எட்டும் மட்டும் கிடக்கிறது. மரங்கள் கடலுக்கு முதுகு காட்டிக் கிழக்கே சாய்ந்து நிற்கின்றன. காற்று ஓய்வதில்லை, பேச வேண்டுமானால் பக்கத்தில் வந்து பேச வேண்டும். நான் அரை மணிக்கொரு தடவை நின்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். கௌரி அந்த நேரங்களில் குனிந்து கறுப்பு நிறப் பழம் பொறுக்கித் தின்றாள். இருவருக்கும் ஒன்பது கிலோமீற்றர் மூன்று மணி நேரம் பிடித்தது.

பிற்பகல் 1.40. கொட்டகை.

ஊசியிலை மரங்களுக்கு நடுவே சிறிய வெட்டவெளி. தார் மணக்கும் பலகைக் கொட்டகை, முன்பக்கம் திறந்தபடி. ஆறு பேர் நெருங்கிப் படுக்கலாம். கல் அடுக்கிய அடுப்பிடம், விறகு வைக்கும் கூரை, கொஞ்சம் தள்ளி ஒரு மரக் கழிவறை. தண்ணீர் வேண்டுமானால் நான் சொன்ன அந்தத் தரிப்பிடத்துக் குழாய்க்குப் போகவேண்டும்.

எழுபது வயது மதிக்கத்தக்க டேனிஷ்காரர் ஒருவர் புறப்பட ஆயத்தமாக நின்றார். பெயர் ஹென்ரிக் என்றார். எங்கள் பைகளைப் பார்த்து, முதல் தடவையா என்று கேட்டார். ஆம் என்றேன்.

"இரவில் எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள். சாப்பாடு மட்டும் இல்லை, சப்பாத்தும்தான். இங்கே ஒரு நரி இருக்கிறது. அதற்குத் தோல் என்றால் பிடிக்கும்."

"சப்பாத்தையுமா?"

"தலைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்" என்று சிரித்துவிட்டு, கொட்டகையைக் கூட்டிய துடைப்பத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

தலைக்குப் பக்கத்தில். அங்கே கௌரி ஏற்கெனவே ஒரு பலகை விளிம்பைத் துடைத்து, விபூதிப் பெட்டியையும் விரலளவு பிள்ளையாரையும் வைத்திருந்தாள். பக்கத்தில் சாப்பாட்டுப் பை. படுக்கிற, சாப்பிடுகிற, கும்பிடுகிற இடம் மூன்றும் ஒன்றாக இருக்கும் ஓரிடத்தில் சப்பாத்தையும் ஏற்றுவதா? என் குடும்பத்தில் ஒருவரும் வாசற்படிக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கொண்டுவந்ததில்லை. பதுங்குகுழிக்குள் இறங்கும்போதுகூட என் அப்பா செருப்பை வெளியே கழற்றி வைத்தவர்.

"அந்த மனிசன் சொன்னதைக் கேளுங்கோ" என்று கௌரி இரண்டு சோடியையும் ஒரு குப்பைப் பைக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்தாள்.

அன்று மாலை தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டைச் சம்பலும். உருளைக்கிழங்கைத் தணலுக்குள் புதைத்துச் சுட்டோம். இருட்டமுன் கால், கழுத்து எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் பிரஷர் மெஷினைக் கட்டினேன். 128, 80. அந்த மெஷின் ஒவ்வோர் அளவையும் நாளும் நேரமும் போட்டுச் சேமித்து வைக்கும். "அப்பாக்கு டயரி எழுதத் தேவையில்லை" என்று நிருஷன் பகிடி பண்ணுவான். தொலைபேசியில் சிக்னல் இல்லை. அதைக் கையில் பிடித்தபடியே படுத்தேன். இந்தக் கொட்டகையில் எனக்கு ஏதும் நடந்தால் ஓர் ஆம்புலன்ஸ் எந்த வழியால் வரும் என்று யோசித்து யோசித்து, மணல் பாதையில் ஒவ்வொரு வளைவாக அதை ஓட்டிக்கொண்டு வந்தேன். ஏழாவது வளைவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாது. விழித்தபோது விடிந்திருந்தது.

சனி, காலை 7.00.

பல் துலக்கிக்கொண்டிருந்த கௌரியிடம், "நான் நித்திரை கொண்டிட்டன்" என்று சொன்னேன்.

"ஓம், குறட்டை கேட்டது" என்றாள்.

அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பால்மாத் தேநீர் குடித்து நெடுநாளாகிறது.

அன்று தெற்கே நான்கு கிலோமீற்றர் நடந்து லொட்பியேர் வெளிச்சவீட்டுக்குப் போனோம். கருங்கல் கோபுரம், முப்பத்தைந்து மீற்றர் உயரம். உள்ளே சுருள் படிகள். அண்ணாந்து பார்த்தேன். கௌரி மட்டும் ஏறினாள். நான் கீழே வாங்குப் பலகையில் இருந்து கோப்பி குடித்தேன். மேலேயிருந்து இறங்கியவள், கடலும் ஏரியும் ஒரே நேரத்தில் தெரிகிறது என்றாள். எனக்காக மூன்று படம் எடுத்து வந்திருந்தாள். படத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன். என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஓர் இரவு தூங்கியதற்கு இவ்வளவு பெருமைப்பட்டவன், படியைக் கண்டதும் வாங்கில் குந்திவிட்டேன்.

திரும்பும் வழியில் அரை மணி நேரம் மழை அடித்தது. சப்பாத்துகள் ஊறிப்போயின. கொட்டகைக்கு வந்து அடுப்பிடத்தில் நெருப்பு மூட்டிக் காலைக் காயவைத்தோம். படுக்கிற நேரம் கௌரி முதலில் படுத்துவிட்டாள். நான் அந்த ஈரச் சப்பாத்துகளைக் கையில் எடுத்தேன். நாற்றம் தாங்கவில்லை. இதைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைப்பதா? முதல் நாள் ஒரு நரியும் வரவில்லை. வயது போன மனிதர் புதியவர்களிடம் கொஞ்சம் கதை விட்டிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு சோடியையும் கொட்டகைக்கு வெளியே, கூரைத் தாழ்வாரத்தின் கீழ், வீட்டு வாசலில் வைப்பதைப் போல வரிசையாக வைத்தேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு, காலை 6.30.

என்னுடைய இரண்டும் இருந்தன. கௌரியுடையதில் இடது கால் மட்டும் இருந்தது.

கொட்டகையைச் சுற்றித் தேடினோம். கழிவறைக்குப் பின்னால், அடுப்பைச் சுற்றி, பாதையின் இரண்டு பக்கமும். ஈர மணலில் நாயினதைப் போன்ற சிறிய காலடிகள் இருந்தன. புதருக்குள் போனதும் அவையும் இல்லை. ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்ததில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கௌரி ஒற்றைச் சப்பாத்தோடும் மற்றக் காலில் இரண்டு காலுறையோடும் கொட்டகைப் பலகையில் வந்து இருந்தாள். எனக்கு நாற்பத்துமூன்றாம் அளவு, அவளுக்கு முப்பத்தேழு. மாற்றிப் போடவும் வழியில்லை.

"நான் உம்மட செருப்பை எடுத்து வெளியில வைச்சிருக்கக் கூடாது" என்றேன்.

"எந்தச் செருப்பை? வீட்டில வைச்சதையோ, நேத்து வெளியில வைச்ச சப்பாத்தையோ?"

இரண்டையும்தான். தலையைச் சொறிந்தேன். ஹென்ரிக் சொன்னதைக் கேட்காத குற்றமும் என்னுடையது. முந்நூறு கிராம் கணக்குப் பார்த்த குற்றமும் என்னுடையது.

அவள் கோபப்படவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உந்த மணல்மேட்டில ஏறினா சிக்னல் வரும் எண்டு நினைக்கிறன். நிருஷனுக்கு அடியுங்கோ. ரெண்டரை மணித்தியாலத்தில வந்திடுவான். நான் மெல்ல மெல்ல அந்தத் தரிப்பிடத்துக்கு நடந்திடுவன். ஒண்டரைக் கிலோமீற்றர்தானே, காலுறையோட போகலாம்."

மேட்டில் ஏறினேன். ஒரு கோடு சிக்னல் வந்தது. நிருஷனின் பெயரையும் எடுத்துவிட்டேன். கீழே கொட்டகை தெரிந்தது, கௌரி தெரிந்தாள். வடக்கே பாதை ஊதாப் புதருக்குள் நுழைந்து மறைந்தது. கூப்பிட்டால் அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் வருவான், மே மாதம் அவன் அம்மா திரும்பி ஓடி வந்ததைப் போலவே. வந்து காரில் ஏற்றுவான். ஜனவரியில் நகை மட்டும் யாழ்ப்பாணம் போகும்.

தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கினேன்.

"நான் நடந்து போய்க் காரைக் கொண்டு வாறன்."

"தனியவோ?"

"தனியத்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, என் பையின் பக்கவறையிலிருந்து நாக்குக்குக் கீழே அடிக்கும் மருந்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டிவிட்டாள். தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் தந்தாள்.

"பதினொரு மணிக்குத் தரிப்பிடத்தில நிப்பன். பைகளை இஞ்சையே விட்டிட்டுப் போங்கோ. பிறகு வந்து எடுப்பம்."

காலை 8.10.

முதல் ஒரு கிலோமீற்றர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பார்த்தால் திரும்பிவிடுவேன்.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித் தந்த டேனிஷ் பெண் ஒரு விதி வைத்திருந்தாள். நடக்கும்போது முழு வசனமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கி வார்த்தை அறுந்தால் வேகத்தைக் குறை. இத்தனை நாளும் பேசுவதற்குக் கௌரி பக்கத்தில் இருந்தாள். இப்போது யாரோடு பேசுவது? எனக்குச் சத்தமாகச் சொல்லத் தெரிந்தது வாய்ப்பாடுதான். பதினாறாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினேன். ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு. காற்றுக்கு மேலாகக் கத்த வேண்டியிருந்தது.

லியூங்பி என்ற சிற்றூரைத் தாண்டி, ஏறத்தாழ நாலாவது கிலோமீற்றரில், மேடு ஒன்று ஏறும்போது இடது நெஞ்சில் இழுத்தது.

நின்றேன். சுற்றிலும் ஒரு மனிதர் இல்லை, ஒரு வீட்டுக் கூரை இல்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றில் இருந்தேன். சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினேன். கௌரி பூட்டிய பொத்தான். மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அடிக்கமுன் இழுக்கும் இடத்தை மற்றக் கை விரலால் அழுத்தினேன். வெளியே, தோளுக்குக் கீழே, தோலே நொந்தது. சட்டையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்த தடிப்பு. பதினொரு கிலோப் பையின் வார் உராய்ந்த இடம். அறுநூற்றைம்பது கிராம் மெஷினுக்கும் அதில் பங்கு உண்டு.

அப்படியும் உடனே எழவில்லை. ஐந்து நிமிடம் பார்த்து இருந்தேன். இழுப்பு கூடவில்லை, குறைந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அதிர்ந்தது. இங்கே சிக்னல் இருந்தது. நிருஷன் டேனிஷில் எழுதியிருந்தான்: எப்படி இருக்கிறீர்கள், எல்லாம் சரியா? "எல்லாம் சரி, நடந்துகொண்டிருக்கிறேன்" என்று பதில் போட்டேன். யாரோடு என்று எழுதவில்லை. பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே எழுந்தேன்.

ஏழ் பதினாறு நூற்றுப் பன்னிரண்டு என்று கத்தியபடி மேட்டின் உச்சியை அடைந்தபோது, எதிரே ஒரு டேனிஷ் பெண் பெரிய பழுப்பு நாயோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதவி வேண்டுமா?" என்று கேட்டாள்.

"இல்லை. வாய்ப்பாடு சொல்கிறேன். இதயத்துக்கு நல்லது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எத்தனையாம் வாய்ப்பாடு?"

"பதினாறு."

"நான் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டேன்" என்றாள். நல்ல நடையாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

பதினாறு முடிந்து பதினேழு, பதினெட்டு. பத்தொன்பதில் பாதியில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். வெள்ளைக் குடிசைகள் தெரிந்தபோது மணி 10.35. இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். வெள்ளிக்கிழமை இருவராக நடந்ததைவிட முப்பத்தைந்து நிமிடம் குறைவு. காரின் கதவைத் திறந்து இருக்கையில் இருந்தேன். நாடி பார்க்கவேண்டும் என்ற எண்ணமே சாவியைத் திருப்பிய பிறகுதான் வந்தது. பார்க்காமல் காரை எடுத்தேன். அந்தச் சரளை வீதியில் போகும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை 11.05. தரிப்பிடம்.

கௌரி தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள். காலடியில் இரண்டு முதுகுப்பைகளும் இருந்தன. பிறகு வந்து எடுப்பதாக இருந்த பைகள். இருபது கிலோவையும் இரண்டு நடையாகத் தூக்கி வந்திருக்கிறாள். வெறுங்காலோடா என்று பதறிக் கீழே பார்த்தேன். இரண்டு காலிலும் சப்பாத்து இருந்தது. வலது சப்பாத்தின் நாக்கு கிழிந்து தொங்கியது, கயிறு பாதிக்கு மேல் இல்லை.

"எங்கை கிடந்தது?"

"விறகுக் கூரைக்குப் பின்னால, புதருக்கடியில. நரிக்கு ருசி பிடிக்கேல்லைப் போல."

"எப்ப கண்டனீர்?"

அவள் பையைத் தூக்கிக் காருக்குள் வைத்தாள். "நீங்கள் வெளிக்கிட்டு அஞ்சு நிமிசத்தில. அந்த முதல் மேட்டில ஏறிக்கொண்டு நிண்டனீங்கள். உங்கட நீலச் சட்டை தெரிஞ்சது."

"பின்னை ஏன் கூப்பிடேல்லை?"

"கூப்பிட வாய் திறந்தனான்" என்றாள். "பிறகு மூடிப்போட்டன். கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்கள்."

வந்திருப்பேன். ஓடி வந்திருப்பேன். கோபம் வரவேண்டுமா, கையெடுத்துக் கும்பிடவேண்டுமா என்று தெரியாமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒன்றும் நடக்காதவளைப் போல, "பசிக்குது, ஹூரூப்பில கடை திறந்திருக்குமோ?" என்று கேட்டாள்.

ஞாயிறு, மாலை 5.30. ஹொல்ஸ்டெப்ரோ.

வாசலில் வெள்ளிக்கிழமை வைத்த இரப்பர் செருப்பு அப்படியே இருந்தது. கௌரி குளிக்கப் போனாள். நான் பைகளைப் பிரித்து, வழக்கம்போல மெஷினை மேசையில் வைத்து முந்திய அளவுகளைப் பார்க்கப் பொத்தானை அழுத்தினேன். வெள்ளி மாலை 128. சனி மாலை 126. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்குமேலும் மூன்று அளவுகள் இருந்தன. ஞாயிறு காலை 8.31, 158. 9.20, 164. 10.12, 171.

நான் பாதையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த நேரங்கள் அவை. அந்த மெஷின் அப்போது என் கையில் இல்லை, பையோடு கௌரியிடம் இருந்தது.

குளித்துவிட்டு வந்தவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மெஷினை மூடி உள்ளே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "நான் தனிய இருப்பன். டிக்கெட்டைப் போடும்" என்றேன். கௌரி துவாயால் தலையைத் துடைத்தபடியே கணினியைத் திறந்தாள்.

ஜனவரி.

அவள் போய் இன்றோடு ஆறு நாள். தியூவின் கொட்டகையில் படுப்பதைவிட இந்த நான்கு சுவருக்குள் தனியாகப் படுப்பது எனக்குக் கடினம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. அங்கே காற்றாவது பேசிக்கொண்டிருந்தது. இங்கே குளிர்சாதனப் பெட்டி நின்று நின்று முனகுகிறது. முதல் இரண்டு இரவும் விளக்கை அணைக்கவில்லை. மூன்றாம் இரவு அணைத்தேன். வாசலில் நரி கடித்த சோடியும் இருக்கிறது. எறிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று காலை கலியாண வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தாள். பின்னால் மேளமும் ஆட்களின் சத்தமும்.

"இஞ்சாருங்கோ, பிரஷர் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். நூற்றிருபத்தைஞ்சு" என்றேன். "நீர் பாத்தனீரோ?"

மேளச் சத்தம் தேய்ந்தது, அவள் தள்ளி வருகிறாள் போல.

"அந்த மெஷினில இருந்த என்ர அளவுகளை நான் எல்லோ அழிச்சு வைச்சிருக்க வேணும்" என்றாள் கௌரி.